புது ஏர் ரைஃபிள், மூன்று வாரம், உள்ளங்கை அகலச் சிதறல்

கேள்வி, 2024 ஜூன் 2
"அண்ணா, மூணு வாரம் முன்னாடி புது ஏர் ரைஃபிள் வாங்கினேன். குழலை மடக்கி பெல்லட் போடுற ஸ்பிரிங் வகை, 4.5 மில்லிமீட்டர் குழல். மொட்டைமாடியில் 10 மீட்டர் அளந்து வைத்து தினம் நூறு பெல்லட் சுடுகிறேன். முதல் நாள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது, இன்னைக்கும் அதே அகலம்தான். ரைஃபிள் கோளாறா? ஸ்கோப் போட்டால் சரியாகுமா? இல்லை, இதை விற்றுவிட்டு வேற வாங்கட்டுமா? வயசு 20, ஈரோடு பக்கம்."

2024 ஜூன் 2, இரவு

விற்காதே. ஸ்கோப்பும் இப்போது வேண்டாம். முதலில் அந்த நூறை நிறுத்து. நூறு சுடும்போது எழுபதாவது குண்டிலிருந்து கை ஓய்ந்துபோய், தப்பான பழக்கத்தைத்தான் உடம்பு மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். நாளையிலிருந்து முப்பது.

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறாயா? எனக்கு எட்டு வயதில் அப்பா கூட்டிப்போனார். நான் மஞ்சள் பலூனுக்குக் குறி வைத்தேன், மூன்று முறையும் போய்விட்டது. பலூன்காரர் பக்கத்தில் வந்து, "மஞ்சள் வேணும்னா அதுக்குக் கீழே இருக்கிற சிவப்பைப் பாரு தம்பி" என்றார். சிவப்பைப் பார்த்து அழுத்தினேன், மஞ்சள் வெடித்தது. அந்தத் துப்பாக்கி கோணல்தான். ஆனால் காலையிலும் சாயங்காலமும் அதே அளவு கோணல், அது அவருக்கு மனப்பாடம்.

உன் ரைஃபிளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். குண்டு நடுவில் விழுகிறதா என்பதை மறந்துவிடு. பத்து குண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுகிறதா என்று மட்டும் பார். ஒரு நாற்காலியில் உட்கார், மேஜைமேல் மணல் நிரப்பிய சின்ன அரிசிப்பை வை, பைமேல் இடது கையை மல்லாக்க வைத்து அந்தக் கையில் ரைஃபிளைப் படுக்க விடு. குழலை நேரடியாகப் பைமேலோ சுவர்மேலோ வைக்கக்கூடாது. இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அப்படிப் பத்து சுட்டு, துளைகள் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்துக்குள் வந்தால் ரைஃபிள் மேல் ஒரு குறையும் இல்லை.

குறி பார்க்கப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதே, அந்தப் பின் சைட்டின் திருகைத் தொடாதே. எப்போது தொடுவது என்று நானே சொல்கிறேன்.

அப்புறம், பெல்லட் போடாமல் டிரிகரை அழுத்திப் பழகு. தினம் இருபது நிமிடம். ரேஞ்சில் நாங்கள் ட்ரை ஃபயர் என்போம். சுடுவதைவிட அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

2024 ஜூன் 3, காலை 6 மணி

அவசரத் திருத்தம். நேற்று ராத்திரி கடைசியாகச் சொன்னதைச் செய்யாதே. எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான் உன்னுடையது ஸ்பிரிங் வகை என்பது உறைத்தது. விடிந்ததும் இதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

என் ரைஃபிள் காற்று சிலிண்டர் வகை. ட்ரை ஃபயருக்கென்றே அதில் ஒரு ஏற்பாடு உண்டு. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது அதைத் தடுத்து மெத்தை போலத் தாங்குவது, பெல்லட்டுக்குப் பின்னால் அழுந்தும் காற்று. பெல்லட் இல்லாவிட்டால் அந்தக் காற்று குழல் வழியாக ஓடிவிடும், பிஸ்டன் முழு வேகத்தில் இரும்பில் போய் முட்டும். சீல் கிழியும், ஸ்பிரிங் உடையும். எனவே உனக்கு ட்ரை ஃபயர் கிடையாது. ஸ்பிரிங்கை ஏற்றாமல் ரைஃபிளைத் தூக்கிக் குறி பார்த்துப் பழகு. அதற்கே பெரிய பலன் உண்டு.

இன்னொன்று, இது உன் விரல் சம்பந்தப்பட்டது. குழல் மடங்கியிருக்கும்போது டிரிகரைத் தொடவே தொடாதே. ஏற்றிய ஸ்பிரிங் விடுபட்டால் குழல் கதவு சாத்துகிற மாதிரி மேலே அறையும். நடுவில் விரல் இருந்தால் போச்சு, குழலும் வளையும். பெல்லட் போடும் நேரம் முழுக்க ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும்.

2024 ஜூன் 5

நீ போட்ட படத்தைப் பார்த்தேன். ரைஃபிளைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கைப்பிடிச் சுவர்.

இலக்குக் கார்டை வெறும் சிமென்ட் சுவரில் சாய்த்துத் தரையில் வைத்திருக்கிறாய். ஈயக் குண்டு கெட்டியான இடத்தில் பட்டால் சிதறித் திரும்பி வரும். கண்ணுக்கு வரும். ஒரு கெட்டியான மரப்பெட்டி எடு, உள்ளே கடைசியில் ஒரு இரும்புத் தகடு, அதற்கு முன்னால் பழைய துணியும் நியூஸ்பேப்பரும் இடம் விடாமல் திணி, முகப்பில் கார்டை ஒட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு சுடு. பெட்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் சுவர் இருக்க வேண்டும். படத்தில் சுவர் இடுப்பளவுதான், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி தெரிகிறது. அந்தப் பக்கம் பார்த்து ஒரு குண்டுகூட வேண்டாம். மாடிப்படி அறைச் சுவர் பக்கம் திருப்பிவை. படிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஆரம்பி, துணி எடுக்க யாராவது திடீரென்று ஏறி வருவார்கள்.

உயரமும் முக்கியம். போட்டியில் 10 மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டரில் இருக்கும். நீ தரையில் இருக்கும் கார்டைப் பார்த்து மூன்று வாரமாகக் குனிந்து சுட்டிருக்கிறாய். உன் சிதறலில் பாதி அங்கேதான்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். குழல் 4.5 மில்லிக்கு மேல் போகாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி லைசன்ஸ் வேண்டாம். பில்லைப் பத்திரமாக வை. பஸ்ஸிலோ பைக்கிலோ கொண்டுபோனால் உறைக்குள் வைத்துக் கொண்டுபோ. லைசன்ஸ் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கிளி, மைனா பக்கம் திருப்புகிற நண்பன் யாராவது இருந்தால் அவன் கையில் கொடுக்காதே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுக்கக்கூடாது.

2024 ஜூன் 9

போன முறை எழுத மறந்தது. பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயோ முறுக்கோ. பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோட் செய்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம்.

2024 ஜூன் 16

உட்கார்ந்து சுட்ட கார்டைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க்குள் ஒன்பது, வெளியே ஒன்று. ரைஃபிள் நல்ல ரைஃபிள். ஆடத் தெரியாதவர் கூடத்தைக் கோணல் என்பது போலத்தான் நாமெல்லாரும் ஆரம்பிக்கிறோம். நானும் முதல் வருஷம் இரண்டு ரைஃபிள் மாற்றினேன். இரண்டிலும் ஒரே ஸ்கோர்.

இனி நிற்பது. இதை எழுத்தில் சொல்வது கஷ்டம், முடிந்தவரை சொல்கிறேன். வலது கைக்காரன் என்று வைத்துக்கொள்.

இலக்குக்கு இடது தோளைக் காட்டி நில். கால்கள் தோள் அகலம். இடுப்பைக் கொஞ்சம் இலக்குப் பக்கம் தள்ளு. இப்போது இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வை. எலும்புமேல் எலும்பு. அது எட்டாவிட்டால் விலாவோடு ஒட்டி வை. பிடிப்பதற்கென்று கையை நீட்டாதே. டிரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால், உள்ளங்கைமேலோ மடக்கிய முஷ்டிமேலோ ரைஃபிள் சும்மா உட்கார வேண்டும். மூன்று கிலோவைத் தசையால் தாங்கினால் பத்தே விநாடியில் நடுக்கம் வரும். எலும்பு வழியாக எடையைக் காலுக்கு இறக்கிவிட்டால் நடுக்கம் குறையும், அடியோடு நிற்காது. உலக சாம்பியனுக்கும் குழல் ஆடும், ஆட்டம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

தலையைக் கொண்டுபோய் ரைஃபிளின் பின்கட்டைமேல் சாய்க்காதே. தலை நேராக இருக்கட்டும், ரைஃபிள் கன்னத்துக்கு வரட்டும். ஒவ்வொரு முறையும் கன்னத்தில் அதே இடத்துக்கு. நான் ஆரம்பத்தில் கட்டையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதன் விளிம்பு கன்ன எலும்பில் படுகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அடுத்து வருவதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். குறி பார்த்த பிறகு கண்ணை மூடு. இரண்டு மூச்சு விடு. உடம்பைத் தளர்த்து. கண்ணைத் திற. குழல் நுனியில் இருக்கும் முள், அதாவது முன் சைட், இப்போது எங்கே இருக்கிறது? இலக்குக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கும். அங்கேதான் உன் உடம்பு இயல்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கையால் தள்ளி வலப்பக்கம் கொண்டுவந்து சுட்டால், டிரிகர் விழுகிற நொடியில் உடம்பு தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், குண்டும் இடது பக்கம் போகும். கையைத் தொடாதே, காலை நகர்த்து. வலது பாதத்தை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டு மறுபடி கண்ணை மூடித் திற. கண் திறக்கும்போது சைட் தானாக இலக்கில் நிற்கிற வரைக்கும் பெல்லட் போடாதே. எனக்கு முதல் வாரம் இதற்கு மட்டும் பத்து நிமிடம் பிடித்தது. இப்போது ஒரு நிமிடம் போதும்.

சரியான இடம் கிடைத்ததும் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடு. நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

2024 ஜூன் 23

"கரும்புள்ளியைத் தெளிவாகப் பார்க்கிறேன், அப்படியும் சிதறுது" என்கிறாய். புள்ளியைத் தெளிவாகப் பார்ப்பதால்தான் சிதறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உன் ரைஃபிளில் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரை மீட்டர். கார்டு 10 மீட்டரில். இருபது மடங்கு. பின் பள்ளத்தின் நடுவே நிற்க வேண்டிய முன் முள் ஒரு நோட்டுத் தாளின் கனம், 0.1 மில்லி, விலகினால் கார்டில் 2 மில்லி விலகும். போட்டிக் கார்டில் வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிதான். தாள் கனத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மார்க் போகிறது.

மாறாக, முள்ளும் பள்ளமும் சரியாகச் சேர்ந்திருந்து, கை ஆட்டத்தில் முழு ரைஃபிளும் ஒட்டுமொத்தமாக 2 மில்லி நகர்ந்தால் குண்டும் 2 மில்லிதான் நகரும். இருபது மடங்கு கிடையாது. அதனால் கண் முழுக்க முன் முள்ளின்மேல். அதன் மேல் விளிம்பு கத்தி மாதிரி தெரியட்டும். கரும்புள்ளி கொஞ்சம் மங்கட்டும். முள்ளின் உச்சியில் புள்ளி உட்கார்ந்திருப்பது போலப் பார், புள்ளிக்கும் முள்ளுக்கும் நடுவே நூல் அளவு வெள்ளை.

ஒரு கண்ணை இறுக மூடாதே. மூடினால் முகம் முழுக்க இறுகும், திறந்த கண்ணும் சேர்ந்து களைக்கும். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு இரண்டு கண்ணையும் திறந்து வை.

கார்டு அளவையும் சொல்லிவிடுகிறேன், நீ எதோடு போராடுகிறாய் என்று தெரிய வேண்டுமில்லையா. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கார்டில் வளையங்கள் மொத்தமும் 45.5 மில்லி அகலம். கறுப்பு 30.5. பத்து என்பது அரை மில்லிப் புள்ளி, பேனா முனை. ஆனால் 4.5 மில்லி பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. உன் உள்ளங்கை அகலம் இந்த வளையங்களுக்கே வெளியே போகிறது, அதை நினைத்து மனம் தளராதே. நான் ஆரம்பித்தபோது பின்னால் இருந்த பலகையில் ஓட்டை போட்டேன்.

2024 ஜூலை 7

இந்த வாரம் உன் கார்டு திடீரென்று மோசமாகியிருக்கிறது, சுடும்போது புகையும் வருகிறது என்றாய். தையல் மெஷின் எண்ணெய் விட்டேன் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய். அதுதான். பிஸ்டன் முன்னால் எண்ணெய் போனால், காற்று அழுந்தும் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். டீசல் இஞ்சின் வேலை செய்வதும் இப்படித்தான். குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் போகும், சீல் கருகும். இனி குழலுக்குள் ஒரு சொட்டும் விடாதே. ஐம்பது அறுபது குண்டில் எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும். தீராவிட்டால் விற்றவரிடம் காட்டு.

கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகளையும் பார். ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு குண்டுக்கும் முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் உதைக்கும். அந்த அதிர்ச்சியில் திருகாணி தளரும். வாரம் ஒருமுறை முடுக்கு, பலம் காட்டாதே. ஸ்கோப் வேண்டாம் என்று முதல் நாள் சொன்னதற்கும் இது ஒரு காரணம். இந்த இரட்டை உதைக்கென்று செய்யாத ஸ்கோப் சீக்கிரமே உள்ளே ஆடிப்போகும்.

2024 ஆகஸ்ட் 1, மாலை

பாரிஸில் ஸ்வப்னில் குசாலேவுக்கு வெண்கலம்! 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவில் (மண்டியிட்டு, படுத்து, நின்று) இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் பதக்கம். கோலாப்பூர் பக்கத்துக்காரர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். மொபைலைப் பிடித்திருந்த என் கை நடுங்கியதை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

இறுதிச் சுற்றில் மண்டியிட்டுச் சுடும் கட்டத்தில் அவர் பின்னால்தான் இருந்தார். நின்று சுடும் கட்டத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்தார், மொத்தம் 451.4 புள்ளி. நிற்பதுதான் மூன்றிலும் கஷ்டமானது. நீ மாடியில் பழகிக்கொண்டிருப்பதும் அதுதான்.

மூன்று நாள் முன்னால் 10 மீட்டரில் அர்ஜுன் பபுதா நாலாவது இடத்தோடு வெளியேறியபோது ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அந்த ஆட்டத்தில் நாலாவது இடம் எவ்வளவு உயரம் என்று சுட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

2024 ஆகஸ்ட் 18

நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தேன். தூக்குகிறாய், குறி பார்க்கிறாய், ஆறாவது விநாடியில் சைட் நன்றாக நிற்கிறது, அப்போது சுடாமல் விட்டுவிடுகிறாய். பத்தாவது விநாடியில் ஆட்டம் கூடுகிறது. பதினைந்தாவது விநாடியில் புள்ளி குறுக்கே ஓடும்போது "இப்போ" என்று பறிக்கிறாய். டிரிகர் விரலோடு தோளும் துள்ளுகிறது.

இறக்கக் கற்றுக்கொள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்து. அதிலிருந்து ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் குண்டு போக வேண்டும். போகவில்லையா, ரைஃபிளைக் கீழே கொண்டு வா. மூச்சு வாங்கு. மறுபடி தூக்கு. நேரமானால் கண்ணில் பழைய பிம்பம் ஒட்டிக்கொள்ளும், சைட் நகர்ந்தது மூளைக்குத் தெரியாது. எங்கள் கோச் நான் சுட்ட பத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். நான் இறக்கியபோது மட்டும் பின்னாலிருந்து "நல்லது" என்பார்.

டிரிகரை விரலின் முதல் கணுச் சதையால், நேராகப் பின்னால். முதல் தொய்வை, அதாவது ஆரம்பத்தில் லேசாக நகரும் தூரத்தை, எடுத்துவிட்டு, அப்புறம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போ. அது எப்போது விழுகிறது என்று நீயே ஆச்சரியப்பட வேண்டும். விழுந்த பிறகும் இரண்டு விநாடி அப்படியே முள்ளைப் பார்த்துக்கொண்டு நில். ஸ்பிரிங் வகையில் பிஸ்டன் ஓடி, காற்று அழுந்தி, அதற்கப்புறம்தான் பெல்லட் கிளம்பும். நீ தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கும்போது அது இன்னும் குழலுக்குள் இருக்கும்.

கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்: "மூன்று மணிப் பக்கம், எட்டு." அதாவது கடிகாரத்தில் மூன்று இருக்கும் வலப்பக்கம், எட்டாம் வளையம். அப்புறம் போய்ப் பார். சொன்னதும் துளையும் ஒத்துப்போக ஆரம்பித்தால் பெரிய படி ஏறிவிட்டாய்.

என் பாட்டி சமையல்கட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள், பதறாத காரியம் சிதறாது என்று. ரேஞ்சில் நிற்கும்போதெல்லாம் அவள் குரல்தான்.

2024 செப்டம்பர் 29

ஆகஸ்டில் நான் எழுதியதை ஓரளவு திருத்த வேண்டியிருக்கிறது.

பத்து குண்டுக்கு இருபத்தைந்து முறை இறக்கினேன், சைட் நன்றாக நிற்கும்போதும் விரல் அழுத்த மறுக்கிறது என்கிறாய். படித்ததும் வயிறு கலங்கியது. எனக்கு இது ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது. பயம்தான். ஒன்பது வந்துவிடுமோ என்று விரல் உறைந்துபோகும். இறக்கு என்று சொன்ன நான், எத்தனை முறை இறக்கலாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். கார்டைத் திருப்பிப் பின்பக்கத்து வெற்று வெள்ளையை ஒட்டு. புள்ளி இல்லை, வளையம் இல்லை, மார்க் இல்லை. வெள்ளையின் நடுவே சைட்டை வை, முள்ளையும் பள்ளத்தையும் மட்டும் பார், அழுத்து. இரண்டு வாரம் இதை மட்டும் செய். வெள்ளைத் தாளில் விரல் பயப்படாது. முதல் நாள் எனக்குத் தோன்றியது இன்னும் நினைவிருக்கிறது. எதையும் சுட வேண்டியதில்லை என்றானதும் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. பத்து குண்டு சுட்டுப் போய்ப் பார்த்தால், புள்ளி வைத்துச் சுட்டதைவிட நெருக்கமாக விழுந்திருந்தன.

புள்ளிக்குத் திரும்பியதும் ஒரு வரம்பு வைத்துக்கொள். ஒரு குண்டுக்கு இரண்டு முறை இறக்கலாம். மூன்றாவது முறையும் வரவில்லையென்றால் பெல்லட்டை அந்த வெள்ளைத் தாளில் சுட்டுத் தீர்த்துவிட்டு ரைஃபிளை மேஜையில் வை, உட்கார், தண்ணீர் குடி. ஸ்பிரிங்கை ஏற்றியபடி ரைஃபிளைப் படுக்க வைத்துவிட்டுப் போகாதே.

2024 அக்டோபர் 20

பழைய சிலிண்டர் ரைஃபிள் ஒன்று மலிவாக வருகிறதாம், சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டோடு. வாங்கலாமா என்கிறாய். வாங்கலாம், ஆனால் சிலிண்டரைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் தேதியைப் படி. ஜெர்மன் கம்பெனிகள் தங்கள் சிலிண்டருக்கு ஆயுள் வரம்பு போடுகின்றன, பழையவற்றுக்குப் பெரும்பாலும் பத்து வருஷம். உள்ளே 200 பார் அழுத்தம் நிற்கிறது, கார் டயரைப் போல நூறு மடங்கு. நான் ஒரு கடையில் வாங்கியபோது கட்டையின் பளபளப்பைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. மூன்று வாரம் சுட்ட பிறகு பார்த்தால் காலாவதியாகி மூன்று வருஷம். புது சிலிண்டருக்குக் கொடுத்த காசில் நல்ல ஜாக்கெட் தைத்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. பணத்தைவிட, அந்த மூன்று வாரம் அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்பதால்.

ஆனால் இதைக் கேள். உன்னுடையது போல முள்ளும் பள்ளமும் உள்ள ஓபன் சைட் ஏர் ரைஃபிளுக்கென்றே நம் நாட்டில் சில போட்டிகளில் தனிப் பிரிவு உண்டு. உன்னிடம் இருப்பதை வைத்தே ஒரு கிளப்பில் சேர்ந்து சுட முடியுமா என்று கேட்டுப் பார். ஒரு கோச் பின்னால் நின்று ஒருமுறை உன் முழங்கையைத் தொட்டு நகர்த்துவது, நான் இங்கே எழுதும் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

2024 நவம்பர் 10

கிளப்பில் முதல் நாள் பக்கத்து லேன்காரர் (பக்கத்து இடத்தில் நின்று சுடுபவர்) கார்டில் ஒரு குண்டு போட்டுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

மேத்யூ எமன்ஸ் என்று ஒரு அமெரிக்கர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் மூன்று நிலை இறுதிச் சுற்று. கடைசிக் குண்டு மட்டும் பாக்கி, தங்கம் கிட்டத்தட்ட கையில். அவர் லேன் 2. சுட்டது லேன் 3 கார்டில். பூஜ்யம், எட்டாவது இடம். அன்றைக்கு அவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் செக் நாட்டு வீராங்கனை கத்தெரீனா கூர்கொவா. பின்னாளில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2008 பெய்ஜிங்கில் முதல் தங்கம் அந்த அம்மாவுக்குத்தான், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்.

அதே பெய்ஜிங்கில்தான் அபினவ் பிந்த்ரா. கடைசிக் குண்டுக்கு முன்னால் ஃபின்லாந்தின் ஹக்கினெனும் அவரும் சமம். பிந்த்ரா 10.8. ஹக்கினென் 9.7. மொத்தம் 700.5, நாட்டுக்குத் தனிநபர் பிரிவில் முதல் தங்கம். நான் அன்றைக்கு ஆபீஸில் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த மாதமே ரேஞ்சில் பெயர் கொடுத்தேன்.

லேன் நம்பருக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை தூக்கும் முன்னும் கார்டுக்கு மேலே இருக்கும் எண்ணை ஒரு தடவை பார். அதையும் மூச்சு வாங்குவது போல வழக்கத்தில் சேர்த்துவிடு. ஸ்டாப் என்று குரல் வந்தால் அந்த நொடியே விரல் வெளியே, நீ நடு மூச்சில் இருந்தாலும் சரி. உள்ளே குண்டு இல்லை என்று காட்டக் குழலுக்குள் முழு நீளத்துக்கும் விடுகிற ஆரஞ்சு நூலை உறைப்பையில் நிரந்தரமாக வைத்துக்கொள். நூல் வெளியே தெரிந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் நிம்மதியாகக் கார்டு மாற்றப் போவார்.

2024 நவம்பர் 11

ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் தமிழ்நாட்டில் பிறந்தவரா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆமாம், பிறந்தது கடலூர், வளர்ந்தது அகமதாபாத். 2019 ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் தங்கம். அவர் நிற்கும் வீடியோ கிடைத்தால் குண்டு போன பிறகு வரும் இரண்டு விநாடியைப் பார்.

2025 ஜனவரி 19

பொங்கல் லீவில் சுட்டதாக நீ போட்ட கார்டை ஸ்க்ரீனில் பெரிதாக்கி, அளவுகோல் வைத்து அளந்தேன். நின்று சுட்ட பத்து. பத்தும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள். நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாய், துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்து ஒரு முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கிறது. அதே ரைஃபிள். அதே மாடி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆனால் எல்லாம் இடது பக்கம் கீழே விழுந்திருக்கு அண்ணா" என்று வருத்தமாக எழுதியிருக்கிறாய். வருத்தம் எதற்கு? இதற்காகத்தான் ஏழு மாதம் அந்தத் திருகைத் தொடாதே என்றேன். சிதறி விழுந்தபோது எந்தப் பக்கம் திருப்புவது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிகிறது.

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். உன் குண்டுகளின் நடு, புள்ளிக்கு இடப்பக்கம் 12 மில்லி, கீழே 9 மில்லி. இருபது மடங்குக் கணக்கு நினைவிருக்கிறதா? சைட் நகர வேண்டியது வலது பக்கம் 0.6 மில்லி, மேலே அரை மில்லிக்கும் கொஞ்சம் கீழே. உன் ரைஃபிளில் திருகின் ஒரு கிளிக் (திருப்பும்போது கேட்கும் ஒரு 'டக்') எவ்வளவு நகர்த்தும் என்று அளந்துதான் பார்க்க வேண்டும். முதலில் வலப்பக்கம் நாலு கிளிக். மேல் கீழ் திருகு அப்படியே இருக்கட்டும். ஐந்து பெல்லட் சுட்டு, நடு எத்தனை மில்லி நகர்ந்தது என்று அளந்து எழுது.